‘ஹாஃப் ஃப்ரேம்’ நிஜமாகவே பாதியா? சினிமா ஃப்ரேமை நம்பி ஸ்டூடியோவை அடகு வைத்த ரகுபதி வெங்கையா

ஃபிலிம் கேமராக்கள் மீண்டும் பேசுபொருளாகிவிட்டன. அதிலும் ‘ஹாஃப் ஃப்ரேம்’ கேமராக்களுக்குத் தனி மவுசு. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புது மாடலே வந்துவிட்டது. காரணம் எளிது. 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம் எடுக்கலாம். ஃபிலிம் விற்கிற விலைக்கு அது பெரிய விஷயம்தானே!

ஆனால் ‘பாதி’ என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் அதுதான் முழு ஃப்ரேம். அந்தச் சின்ன ஃப்ரேமை நம்பித் தன் சொத்தையே பணயம் வைத்த ஒரு புகைப்படக்காரர் சென்னையில் இருந்தார். அவர் ரகுபதி வெங்கையா.

எதில் பாதி?

35 மி.மீ. ஃபிலிம் முதலில் சினிமாவுக்காக உருவானது. அதில் ஒரு ஃப்ரேமின் அளவு சுமார் 18க்கு 24 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் உள்ள துளைகளில் நான்கு நகர்ந்தால் ஒரு ஃப்ரேம்.

ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக், லைக்கா கேமராவுக்காக அதை இரட்டிப்பாக்கினார். 24க்கு 36 மி.மீ., எட்டுத் துளைகள். 1925இல் லைக்கா சந்தைக்கு வந்த பிறகு அந்த அளவு பரவி, பின்னாளில் ‘ஃபுல் ஃப்ரேம்’ என்று பெயர் வாங்கியது. 1959இல் ஜப்பானின் ஒலிம்பஸ் பென் கேமரா பழைய சினிமா அளவுக்கே திரும்பியது. அதற்குள் அது ‘பாதி’ ஆகிவிட்டது!

சினிமாவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். அதனால் ஃப்ரேம் அகலவாக்கில் இருக்கும். ஸ்டில் கேமராவில் ஃபிலிம் பக்கவாட்டில் ஓடுவதால் அதே ஃப்ரேம் நிமிர்ந்து நிற்கும். ஹாஃப் ஃப்ரேம் கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே செல்போன் படம் மாதிரி உயரவாக்கில் படம் விழுவது இதனால்தான்.

யார் இந்த வெங்கையா?

1869 அக்டோபர் 15 அன்று மசூலிப்பட்டினத்தில் பிறந்தவர். ராணுவக் குடும்பம். ஓவியத்தில் ஆர்வம் கொண்ட அவர், 17 வயதில் சென்னைக்கு வந்து, பிறகு புகைப்படக்காரராகக் காலூன்றி, சொந்த ஸ்டூடியோவும் வைத்தார்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ தொழில் பெரும்பாலும் கண்ணாடித் தகடுகளை நம்பியது. முக்காலி மீது பெரிய கேமரா, ஒரு படத்துக்கு ஒரு தகடு. அசையாமல் உட்கார வேண்டும். தகடு பெரிது என்பதால் படமும் துல்லியமாக வரும்.

சினிமா இதற்கு நேர்மாறு. ஃப்ரேம் தபால்தலை அளவுதான், ஆனால் ஒரு அடி ஃபிலிமில் 16 ஃப்ரேம். அன்றைய வேகத்தில் நொடிக்குச் சுமார் ஒரு அடி ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமும் லென்ஸ் முன்னால் கணநேரம் நிற்கும். அது நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும். நம் கண்ணுக்கு அசைவு மட்டுமே தெரியும்.

அடகுக்குப் போன ஸ்டூடியோ

1910இல் வெங்கையா ‘குரோனோ மெகாஃபோன்’ என்ற இயந்திரத்தை வாங்கினார். விலை சுமார் 30,000 ரூபாய். ஸ்டூடியோவை அடமானம் வைத்துத்தான் பணம் புரட்டினார். அன்று அவருக்கு வயது 40ஐத் தாண்டிவிட்டது. நன்றாக ஓடிய தொழில் அது. படம் ஓடாவிட்டால் ஸ்டூடியோவும் போயிருக்கும்.

அப்படி என்ன இருந்தது அந்த இயந்திரத்தில்? பிரான்ஸின் கோமோன் நிறுவனம் உருவாக்கியது அது. ஒரு பக்கம் புரொஜெக்டர், இன்னொரு பக்கம் கிராமபோன். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். மின் ஆம்ப்ளிஃபயர் இல்லாத காலம் என்பதால், அழுத்தப்பட்ட காற்றை வைத்துத்தான் சத்தத்தைக் கூட்டினார்கள்.

பாட்டை முதலில் இசைத்தட்டில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு நடிகர் அதைக் கேட்டு வாயசைக்க, கேமரா சுழலும். இன்றைக்கும் நம் சினிமாவில் பாட்டுக் காட்சி எடுப்பது இப்படித்தானே? தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ வருவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ஜனங்கள் ‘பேசும்’ குறும்படங்களைப் பார்த்துவிட்டார்கள்.

விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்சிகள் நடந்தன. அடுத்து எஸ்பிளனேடில் டென்ட் போட்டார். பிறகு பெங்களூரு, விஜயவாடா, இலங்கை, ரங்கூன் என்று இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போனார்.

மவுண்ட் ரோட்டிலிருந்து மின்ட்டுக்கு

அப்போது மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரை நடத்தியவர் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர். அதே சாலைப் பக்கம் 1914இல் ‘கெயிட்டி’யைத் திறந்தார் வெங்கையா. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்கு என்று அதைச் சொல்வார்கள்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மின்ட்டில் ‘கிரவுன்’, புரசைவாக்கத்தில் ‘குளோப்’ என்று மேலும் இரண்டு அரங்குகள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மக்களுக்கு மின்ட் கூப்பிடு தூரம். மவுண்ட் ரோட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய படம், வடசென்னைக்காரர்களின் பேட்டைக்கே வந்து சேர்ந்தது.

காட்டினால் போதுமா, எடுக்க வேண்டாமா?

வெளிநாட்டுப் படங்களைக் காட்டுவதோடு அவர் திருப்தி அடையவில்லை. சினிமா கற்க மகன் ரகுபதி சூரிய பிரகாஷை வெளிநாடு அனுப்பினார். மகன் திரும்பிய பிறகு ‘ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1921இல் பிரகாஷ் இயக்கத்தில் ‘பீஷ்ம பிரதிக்ஞை’ என்ற மௌனப்படம் வந்தது. அவரிடம் தொழில் பழகியவர்தான், பின்னாளில் பெரிய இயக்குநரான சி. புல்லையா.

இன்று என்ன மிச்சம்?

1941 மார்ச் 15 அன்று வெங்கையா காலமானார். தெலுங்குத் திரையுலகம் அவரைத் தன் தந்தை என்று கொண்டாடுகிறது. ஆந்திர அரசு அவர் பெயரில் விருதே வழங்கியது. ஆனால் அவர் உழைத்து முன்னேறியது சென்னையில். கெயிட்டி, கிரவுன், குளோப் எதுவும் இன்று இல்லை. மின்ட் வழியாகத் தினமும் போகிற பலருக்கு இப்படியொருவர் இருந்ததே தெரியாது.

அவர் நம்பிய 18க்கு 24 மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஹாஃப் ஃப்ரேம் கேமராவில் லீவரை ஒருமுறை தள்ளும்போது உள்ளே நகர்வது அதே நான்கு துளைகள்தான்.