மகனைப் பறித்த பனி... ஸ்னோமொபைலை உருவாக்கிய பம்பார்டியர் யார்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். 15 வயசுலேயே பழைய ஃபோர்டு இன்ஜினில் பெரிய விசிறியை மாட்டி பனியில் வண்டி ஓட்டினார். ஆபத்து என்று பிரிக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

1934 குளிர்காலம். 2 வயது மகனுக்கு குடல்வால் அழற்சி. சாலையெல்லாம் பனி. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது.

அதன்பின் ரப்பர் பூசிய பல்சக்கரம், அதில் சுற்றும் ரப்பர் டிராக் என உருவாக்கி 1937-ல் காப்புரிமை பெற்றார். எடை குறைந்த இன்ஜின்கள் வந்ததும், 1959-ல் ஒருத்தர், ரெண்டு பேர் போகிற 'ஸ்கி-டூ' தயாரானது. 1964-ல் காலமானார்.

மலைப்பனியில் புதையாமல் ஏற பவர் மட்டும் போதாது. எடை குறையணும், டிராக் பிடிக்கணும். இன்றைய டியூனிங்குக்கும் இதுதான் அடிப்படை.