இருதயத்திற்கு ஓய்வளித்த ஜான் கிப்பன்

நாம் உறங்கும்போதும் உறங்காமல் உழைக்கும் உறுப்பு இருதயம். இறைவனின் படைப்பில் இதைவிட வியப்பான இயந்திரம் உண்டோ? ஆனால் அதிலே பழுது நேர்ந்தால் என் செய்வது? துடிக்கும் இருதயத்தைத் திறந்தால் இரத்தம் பெருக்கெடுக்கும். நிறுத்தினாலோ சில நிமிடங்களில் மூளை செயலிழக்கும். இச்சிக்கலுக்கு வழி கண்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் ஆவார்.

இவர் 1903-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் பிலடெல்பியா நகரில், வழிவழியாக மருத்துவம் செய்து வந்த குடும்பத்தில் பிறந்தார். எழுத்தாளராகும் ஆசையால் மருத்துவப் படிப்பைக் கைவிட எண்ணினார். ஆயினும் தந்தையின் அறிவுரைப்படி தொடர்ந்து பயின்று, 1927-இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1930-இல் ஆராய்ச்சிக்காகப் பாஸ்டன் நகர் சென்று, டாக்டர் எட்வர்ட் சர்ச்சிலிடம் பணியில் அமர்ந்தார்.

அங்கே ஓர் இரவு அவர் வாழ்வையே மாற்றியது. நுரையீரல் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்மணி உயிருக்குப் போராடினார். கிப்பன் இரவு முழுவதும் அருகிலிருந்து நாடித்துடிப்பைக் குறித்தார். காலையில் டாக்டர் சர்ச்சில் சில நிமிடங்களிலேயே கட்டியை அகற்றியும் அப்பெண்மணி பிழைக்கவில்லை. அசுத்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயுவைச் சேர்த்து, மீண்டும் உடலுக்குள் செலுத்த ஓர் இயந்திரம் இருந்தால் இவ்வுயிர் தப்பியிருக்குமே என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

பெரியோர் பலர் ஊக்கம் தரவில்லை. ஊக்கம் தந்தவர் அதே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மேரி என்னும் நங்கை. 1931-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். மலிவாக வாங்கிய பழைய பம்பு முதலியவற்றைக் கொண்டு இருவரும் இயந்திரம் அமைத்தனர். சோதனைக்குப் பூனைகள் தேவைப்பட்டபோது, கிப்பன் இரவில் மீன்துண்டும் சாக்கும் ஏந்தித் தெருத்தெருவாக அலைந்தார்! 1935-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், நுரையீரலுக்குச் செல்லும் குழாய் முற்றிலும் அடைக்கப்பட்ட ஒரு பூனையை இயந்திரம் உயிரோடு காத்தது. கணவனும் மனைவியும் ஆய்வுக்கூடத்திலேயே ஆனந்தக் கூத்தாடினர்.

இரண்டாம் உலகப்போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியதால் ஆராய்ச்சி தடைப்பட்டது. 1946-இல் ஜெபர்சன் கல்லூரியில் பேராசிரியரானார். ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் தம் பொறியியலாளர்களை உதவிக்கு அளித்தார். எஃகுக் கம்பிவலைத் திரைகளின்மீது இரத்தம் மெல்லிய படலமாக வழிந்தோடிப் பிராணவாயுவை ஏற்குமாறு புதிய இயந்திரம் உருவாயிற்று. இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து உதவியது.

1952-இல் முதன்முதலாகச் சிகிச்சை பெற்ற பதினைந்து மாதக் குழந்தை இறந்தது. நோயைக் கணித்ததில் நேர்ந்த பிழையே காரணம். கிப்பன் மனம் தளரவில்லை. 1953-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், பதினெட்டு வயது மாணவி ஒருத்தியின் இருதயச் சுவரிலிருந்த துவாரத்தைத் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் அவள் உயிர் முழுவதும் இயந்திரத்தையே நம்பியிருந்தது. அவள் நலமடைந்தாள். உலகில் இத்தகைய வெற்றி இதுவே முதல்!

புகழ் வந்த நேரத்திலேயே சோதனையும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் சிறுமியர் இருவர் அறுவையின்போது உயிரிழந்தனர். பெயருக்காக மேலும் உயிர்களைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. அறுவையை நிறுத்தினார், இயந்திரத்தின் விவரங்களை மறையாமல் பிறருக்கு அளித்தார். 1955-இல் மேயோ மருத்துவமனையில் டாக்டர் ஜான் கிர்க்லின் குழுவினர் அதனைத் திருத்தியமைத்து வெற்றி கண்டனர்.

1973-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், டென்னிஸ் விளையாடுகையில் மாரடைப்பால் கிப்பன் காலமானார். எந்த உறுப்பைக் காக்க ஆயுள் முழுவதும் பாடுபட்டாரோ, அதுவே அவரைக் கைவிட்டது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். விடாமுயற்சி பெரிது, ஆனால் பிறர் உயிருக்காகத் தம் புகழைத் துறக்கும் உள்ளம் அதனினும் பெரிது. தோழியரே, இவ்விரண்டையும் அவரிடம் கற்போம். அவரோடு தோளோடு தோள் நின்ற மேரி அம்மையாரையும் மறவாதிருப்போம்.