சறுக்கு வேந்தர் சால்கோ

கொம்பனித்தெருவில் என் வாசம். பேரை வாவியின் நீர் ஒருநாளும் உறைவதில்லை. ஆயினும், விடைத்தாள் திருத்தும் இரவுகளில், உறைபனியின்மேற் புகழ் நாட்டிய ஒருவரை நினைப்பேன். அவர் சுவீடன் நாட்டு உல்ரிச் சால்கோ.

1877இல் கொப்பன்ஹேகனிற் பிறந்த இவர், 1901 முதல் 1911 வரை பத்து முறை பனிச்சறுக்கு நடனத்தில் உலக வாகை சூடினார். 1908 ஒலிம்பிக்கிலும் பொற்பதக்கம் பெற்றார். 1902இல் இலண்டனில் இவருக்கு அடுத்த இடத்தை வென்றவர் மாட்ஜ் சையர்ஸ் என்னும் பெண்மணி. மறுவருடமே பெண்களுக்கு அப்போட்டியின் கதவு சாத்தப்பட்டது. அளவுகோல் நேராயினும் அதைப் பிடிக்கும் கை கோணலாகலாம் அன்றோ?

1909இல், பின்னோக்கிச் சறுக்கியவாறே ஒரு காலின் உள்விளிம்பால் எழுந்து, காற்றிற் சுழன்று, மறுகாலின் வெளிவிளிம்பில் இறங்கினார். அப்பாய்ச்சல் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. 1925 முதல் 1937 வரை சர்வதேசச் சறுக்கற் சங்கத்தின் தலைவராயிருந்து, 1949இல் மறைந்தார்.

அவர் காலத்தில் ஆறு புள்ளிக்குள் ஆட்டத்தை அளந்தனர். 2002 ஒலிம்பிக் தீர்ப்புச் சர்ச்சைக்குப் பின் முறை மாறிற்று. இப்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அடிப்படைப் புள்ளி உண்டு. செய்த நேர்த்திக்கேற்ப அது கூடும், குறையும். முதன்முறை வீழ்ந்தால் மேலும் ஒரு புள்ளி கழியும். ஆயினும், முயன்றதன் பெறுமதி முற்றாக அழிவதில்லை.

கடினமான கணக்கொன்றை முயன்று, இறுதி அடியிற் பிழைத்த மாணவனுக்கு நான் முன்னொருகால் சுழியமிட்டேன். பின்னர் அவன் கடினமான கணக்கைத் தொடவேயில்லை. இன்று வழிக்கும் புள்ளி இடுகிறேன்.