வில்லும் நரம்பும் இராமனும்

சர். சி. வி. இராமன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இராமன் விளைவு, நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். பரீட்சைக்கு இவ்வளவு போதும்தான். ஆனா அந்த மேதை ஒளியின் பக்கம் முழுசாகத் திரும்புவதற்கு முன்னால் ஏறத்தாழ பத்து வருஷம் வயலினையும் செல்லோவையும் தன் ஆராய்ச்சிப் பொருளாக வைத்திருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிப்ளமோ படிக்கும் நாம், பட்டறை வாசனை தெரிந்த நாம், கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இசை இருந்த வீடு

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் இராமன் பிறந்தார். தாய் பார்வதி அம்மாள். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். 1892-ல் தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் வேலை அமைய, குடும்பம் அங்கே குடிபோனது. வீட்டில் ஒரு பக்கம் பௌதிகப் புத்தகம், இன்னொரு பக்கம் வயலின். பிள்ளை இரண்டையும் விடவில்லை!

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. ஆராய்ச்சியை நம்பிக் குடித்தனம் நடத்த அன்றைய இந்தியாவில் வழியில்லை. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-லேயே கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனார். அதே ஆண்டு கைப்பிடித்த லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர்.

ஆபீசுக்கு முன்னும் பின்னும்

கல்கத்தா பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆய்வுக்கூடம் உண்டு, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. இராமன் போய்க் கேட்டார், கதவு திறந்தது. விடியற்காலையில் அங்கே, பகலில் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி அங்கே. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல். 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

வயலினில் அப்படி என்ன இருக்கு ஆராய? நம்ம புதுச்சேரியில் மாதா கோயில் பாடற்குழுவில் வாசிப்பதும், பெருமாள் கோயில் கச்சேரியில் வாசிப்பதும் ஒரே பிடில்தான். ஐரோப்பியர் கொண்டுவந்த அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வராக பாலுசாமி தீட்சிதரைச் (1786–1859) சொல்வார்கள். வில்லில் கட்டிய குதிரை வால் ரோமம் தந்தியைக் கவ்வி இழுக்கும், ஓர் எல்லைக்கு மேல் தந்தி வழுக்கித் திரும்பும், மறுபடி கவ்வும். ஒரு நொடியில் 440 தடவை இது நடந்தால் ஒரு சுரம். அப்போது தந்தியில் ஒரு சின்ன மடிப்பு முனைக்கு முனை ஓடுவதை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே கண்டிருந்தார். வில் பிடிக்கும் இடமும் வேகமும் மாறினால் அந்த ஓட்டம் எப்படி எப்படி மாறும் என்று கணக்குப் போட்டு, போட்டோ பிடித்தும் காட்டியவர் இராமன். 1918-ல் கழகம் வெளியிட்ட அந்த ஆய்வு 150 பக்கத்துக்கும் மேல்!

ஓநாய் சுரம்

வயலினுக்கு வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று அண்ணன்மார் உண்டு. டபுள் பேஸ்தான் மூத்தவர். ஓர் ஆள் உயரம் இருப்பார். நின்றுகொண்டுதான் பெரும்பாலும் வாசிப்பார்கள். இங்கிலாந்தில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செய்த டபுள் பேஸ்களை இன்றும் பொக்கிஷமாகத் தேடுகிறார்கள். அவற்றில் பல அந்தக் காலத்தில் மூன்று தந்தி போட்டவை. பிறகு நான்காக மாற்றப்பட்டன. உள்ளே ஒட்டிய லேபிளை மட்டும் நம்ப முடியாது, யாரும் ஒட்டிவிடலாம். தலைப்பகுதியில் அடைத்த பழைய முளைத்துளைகள், மரத்தின் ரேகை, செதுக்கிய விதம் இதையெல்லாம் பார்த்துத்தான் ரிப்பேர்காரர் வயசைச் சொல்வார். பலகைகளை ஒட்டியது வஜ்ஜிரத்தால் என்பதால், பக்குவமாகச் சூடும் ஈரமும் காட்டித் திறந்து, விரிசலுக்கு உள்ளே கட்டை ஒட்டி, மறுபடி மூடலாம்.

ஆனால் எவ்வளவு நல்ல கைவேலையாக இருந்தாலும் செல்லோவிலும் டபுள் பேஸிலும் ஒரு தொல்லை உண்டு. குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் நாதம் நிலைக்காது. விட்டு விட்டு உறுமும். ஓநாய் சுரம் என்றே அதற்குப் பெயர். வித்வான் கையை நொந்துகொள்வார், ரிப்பேர்காரர் மரத்தை நொந்துகொள்வார்.

1916-ல் இராமன் காரணத்தைச் சொன்னார். அந்தச் சுரம் கருவியின் உடம்புக்கே உரிய அதிர்வோடு ஒத்துப்போகிறது. உடம்பு பலமாக ஆட ஆரம்பித்துத் தந்தியின் சக்தியை உறிஞ்சுகிறது. வில்லின் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல், தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. உடனே உடம்பின் ஆட்டம் அடங்குகிறது. தந்தி பழைய சுரத்துக்கு இறங்குகிறது. மறுபடி அதே கதை! தந்தியும் பலகையும் ஒரே நேரத்தில் அதிர்வதைப் போட்டோவில் பதித்து இதை நிரூபித்தார். வாசிப்பவர் மேலும் தப்பில்லை, மரத்தின் மேலும் தப்பில்லை. குதிரைக்குக் கீழே தந்தியில் ஒரு சின்ன எடையைப் பொருத்தி இந்த உறுமலை அடக்குவது இன்றைக்கும் ரிப்பேர்காரர் கையாளும் வழி.

பாதிச் சம்பளம்

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அளித்தது. சம்பளமோ அரசு வேலையில் வாங்கியதில் ஏறத்தாழ பாதி! வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அதற்காகப் போக மாட்டேன் என்றார் இராமன். பல்கலைக்கழகம் நிபந்தனையைத் தளர்த்தியது. பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தார். குடும்பஸ்தர் எடுக்கும் முடிவா இது என்று ஊர் கேட்டிருக்கும். ஆய்வு நேரம் இனி ஆபீசில் திருடியது அல்ல, தன்னுடையது என்பதே அவருக்கு லாபம்.

வில்லை நிறுத்தி வயலினை ஓட்டியவர்

மனிதக் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வில் போடாது. அப்புறம் எப்படி அளப்பது? பட்டறையில் ஒரு மெஷின் உருவானது. அதில் வில் அசையாமல் இருக்கும்; வயலின்தான் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் ஓடும்! யோசனையின் எளிமையைப் பாருங்கள். 1920-ல் முடிவுகள் வெளிவந்தன. வில் குதிரையை நெருங்க நெருங்க, தேவைப்படும் அழுத்தம் கூடும். தூரம் பாதியானால் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு. வித்வான்கள் விரலால் அறிந்திருந்ததை இராமன் எண்ணால் அறிந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் சாண்டர்ஸ் என்பவர் பழைய வயலின்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டதும் இப்படி மெஷினை வாசிக்க வைத்துத்தான்.

அதே காலத்தில் நம் வாத்தியங்களையும் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் கறுப்புக் கரணை தோலின் அதிர்வை எப்படிச் சுருதிக்குள் கொண்டுவருகிறது, வீணையின் வளைந்த குதிரையும் தம்புராவின் ஜீவாளி நூலும் நாதத்தை எப்படி வளமாக்குகின்றன என்று 1920, 1921-ல் எழுதினார்.

ஆசு பாபு

ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. கழகத்தில் இராமனுக்கு உதவியாளராக இருந்தவர் ஆசுதோஷ் தே. எல்லோருக்கும் ஆசு பாபு. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். கையும் கண்ணும்தான் அவர் படிப்பு. அதிர்வெண்ணை அளக்கும் ஒரு புது முறை பற்றிய அவரது கட்டுரை 1919-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவர் பெயரிலேயே வெளிவந்தது. இராமன் எழுதியது முன்னுரை மட்டுமே! உதவியாளர் பெயரை மறைக்காத அந்தப் பெருந்தன்மை நோபல் பரிசுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

1921-ல் கப்பல் பயணத்தில் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928-ல் இராமன் விளைவு, 1930-ல் நோபல், 1933-ல் பெங்களூர், 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் மறைந்தார். ஆயினும் 1927-ல் ஜெர்மானியரின் பெரிய பௌதிகக் களஞ்சியத்துக்கு இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவர் அவர்தான்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று யாராவது நம்மை இளக்காரமாகச் சொன்னால் ஆசு பாபுவை நினைத்துக்கொள்வோம். வேலை முடிந்து நேரமே இல்லை என்று நாமே சாக்குச் சொன்னால் ஆபீசிலிருந்து நேரே ஆய்வுக்கூடம் போன இராமனை நினைத்துக்கொள்வோம். கையில் ரம்பமும் காதில் சுருதியும் இருந்தால், பட்டறை மேஜையும் ஆய்வுக்கூடம்தான்!