எல்விஸ் பிரெஸ்லி: ஒரே பாட்டுக்கு எத்தனை தட்டு? விற்கப்பட்ட ஒரு குரலின் கதை

இசைத்தட்டு சேகரிப்பவர்கள் ஒரே ஆல்பத்தை ஐந்தாறு முறைகூட வாங்குவார்கள். பாட்டு அதேதான், குரலும் அதேதான். ஆனால் ஒன்று முதல் அச்சு, இன்னொன்று மோனோ, மற்றொன்று ஸ்டீரியோ, வேறொன்றில் லேபிளின் நிறம் வேறு. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது வேண்டாத செலவாகத் தெரியும். அவர்களுக்கோ ஒவ்வொரு அச்சும் தனி ஆவணம்.

இந்த வேட்டையில் அதிகம் தேடப்படும் பெயர்களில் ஒன்று எல்விஸ் பிரெஸ்லி. வாழ்ந்தது வெறும் 42 ஆண்டுகள். ஆனால் அரக்குத் தட்டில் தொடங்கி காரில் சொருகும் 8 டிராக் கார்ட்ரிட்ஜ் வரை, அவர் காலத்தில் வந்த முக்கிய வடிவங்கள் எல்லாவற்றிலும் அவர் குரல் விற்றது. அந்தத் தட்டுகளை வரிசையாக அடுக்கினால் அவருடைய வாழ்க்கைக் கதையே வந்துவிடும். அவற்றில் வந்த பணம் யாருக்குப் போனது என்பதும் அதில் தெரியும்.

4 டாலரில் முதல் தட்டு

1935 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்ற ஊரில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் எல்விஸ் பிறந்தார். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரன் இறந்தே பிறந்தான். அப்பா வெர்னனுக்கு நிலையான வேலை இல்லை. காசோலையில் தொகையைத் திருத்திய வழக்கில் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். 11வது பிறந்தநாளுக்கு எல்விஸ் கேட்டது வேறு, அம்மா கிளாடிஸ் வாங்கிக் கொடுத்தது கிடார். 1948ல் குடும்பம் மெம்பிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

1953 கோடையில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார் எல்விஸ். அங்கே சுமார் 4 டாலர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பாடித் தட்டு போட்டுக்கொள்ளலாம். அவர் இரண்டு பாடல்கள் பாடினார். ஒன்று 'மை ஹேப்பினஸ்'. அம்மாவின் பிறந்தநாள் பரிசுக்காகப் பாடினார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் கிளாடிஸ் பிறந்தது ஏப்ரலில். எனவே கணக்கு ஒத்துவரவில்லை.

அந்தத் தட்டு ஆலையில் அச்சடித்தது அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசி, பாடும்போதே ஊசியால் கோடு கீறி எடுப்பது. இதை 'அசிடேட்' என்பார்கள். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் கொஞ்சம் தேயும். எல்விஸ் வீட்டில் தட்டு போட்டுக் கேட்கும் கருவிகூட இல்லை. நண்பர் வீட்டில் கேட்கக் கொண்டுபோன தட்டு அங்கேயே தங்கிவிட்டது. 2015 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தபோது 3 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 1.8 கோடி ரூபாய்க்கும் மேல். வாங்கியவர் ராக் இசைக் கலைஞர் ஜாக் வைட்.

சன் ரெக்கார்ட்ஸ்: ஐந்தே தட்டுகள்

லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த எல்விஸை 1954ல் சாம் பிலிப்ஸ் மீண்டும் அழைத்தார். ஜூலை 5 இரவு, கிடார் கலைஞர் ஸ்காட்டி மூர், பாஸ் கலைஞர் பில் பிளாக் ஆகியோருடன் பதிவானதுதான் 'தட்ஸ் ஆல் ரைட்'. உள்ளூர் வானொலியில் ஒலித்ததும் பாட்டு செம ஹிட். கறுப்பின மக்களின் புளூஸும் வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் வந்தன. நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில் அது சாதாரண விஷயம் இல்லை.

சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் எல்விஸ் வெளியிட்டது மொத்தமே ஐந்து தட்டுகள். ஒவ்வொன்றும் 78 சுற்று, 45 சுற்று என இரண்டு வடிவங்களில் வந்தது. 78 என்பது பழைய அரக்குத் தட்டு. அதற்கான அரக்கு பெரும்பாலும் இந்தியாவில் இருந்து போனதுதான். கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். 45 என்பது வினைல், சின்னது, எளிதில் உடையாது. இளைஞர்கள் 45க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய கருவி வைத்திருந்த வீடுகள் 78ஐயே வாங்கின.

இந்த ஐந்து தட்டுகளுக்கும் இன்று போலிகள் ஏராளம். அதனால்தான் சேகரிப்பவர்கள் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். மெம்பிஸ் ஆலையில் அச்சான 45களின் லேபிள் பகுதியில் மூன்று சிறிய வட்டத் தடங்கள் இருக்கும். அச்சு இயந்திரம் விட்டுப்போன அடையாளம் அது. பச்சை, சிவப்பு என வண்ண வினைலில் எல்விஸின் சன் தட்டு யாராவது விற்றால் யோசிக்கவே வேண்டாம், அது போலி.

ஒரு பாட்டு, நான்கு விற்பனை

1955 நவம்பரில் கதை மாறியது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தையும் பழைய பதிவுகளையும் சன்னிடமிருந்து வாங்கியது. பேரத்தின் பின்னால் இருந்தவர் மேலாளர் டாம் பார்க்கர். 'கர்னல்' என்று அழைக்கப்பட்ட இவர் உண்மையில் நெதர்லாந்தில் பிறந்து, உரிய ஆவணங்கள் இல்லாமல் அமெரிக்காவில் தங்கிவிட்டவர்.

1956 ஜனவரியில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' வந்தது. மார்ச்சில் முதல் ஆல்பம். பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராக் அண்ட் ரோல் ஆல்பம் அதுதான். 10 வாரங்கள் அங்கேயே இருந்தது.

பல வடிவ விற்பனை இங்கேதான் சூடுபிடித்தது. முழு ஆல்பம் எல்.பி.யாக வந்தது. அவ்வளவு காசு இல்லாத பிள்ளைகளுக்கு அதன் சில பாடல்கள் மட்டும் இ.பி.யாக வந்தன. இரண்டு இ.பி. சேர்ந்த தொகுப்பும் வந்தது. ஆர்.சி.ஏ.வின் ரெக்கார்டு பிளேயர் வாங்கினால் எல்விஸ் இ.பி.கள் இலவசமாகக் கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஏழு சிங்கிள்களை ஒரே நேரத்தில் இறக்கினார்கள். ஆல்பத்தின் 12 பாடல்களும் அவற்றில் அடக்கம்.

இன்று அந்த முதல் ஆல்பத்தின் எந்தப் பிரதி அசல் முதல் அச்சு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அட்டையில் 'எல்விஸ்' என்ற பெயர் வெளிர் இளஞ்சிவப்பில் இருந்தால் அது ஆரம்பகாலப் பிரதி. பிற்கால அச்சுகளில் நிறம் அடர்த்தியானது. அடுத்து, தட்டின் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் பொறித்த எண்கள். ஒரு தட்டு எந்த உலோக அச்சிலிருந்து வந்தது என்பதை அவை சொல்லும். ஓர் அச்சில் தொடர்ந்து தட்டுகள் எடுத்தால் அது தேயும், பிறகு புதிய அச்சு மாற்றுவார்கள். ஆரம்பப் பிரதிகளுக்கு மவுசு வருவது இதனால்தான். லேபிளும் ஒரு காலண்டர் மாதிரி. ஆர்.சி.ஏ.வின் பழைய எல்.பி.களில் கறுப்பு லேபிளில் நாய் படம் இருக்கும். 1968 இறுதியில் அது ஆரஞ்சானது, 70களின் நடுவில் பழுப்பு, பிறகு மறுபடி கறுப்பு.

அமெரிக்காவில் எல்விஸின் 78 தட்டுகள் 1958 உடன் நின்றுபோயின. இந்தியாவில் அரக்குத் தட்டு இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 60களில் பீட்டில்ஸ் பாடல்களை இங்கே 78ல் அச்சடித்தார்கள். அவற்றை இன்று உலகமே தேடுகிறது.

ராணுவம், சினிமா, ஸ்டீரியோ

1958 மார்ச்சில் எல்விஸ் ராணுவத்தில் சேர வேண்டியிருந்தது. ஆகஸ்டில் அம்மா இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை என்பார்கள் நெருங்கியவர்கள். ஜெர்மனியில் பணி முடித்து 1960ல் திரும்பியதும் வந்த 'எல்விஸ் இஸ் பேக்' ஆல்பம்தான் அவரது முதல் ஸ்டீரியோ ஆல்பம்.

ஸ்டீரியோ மோகம் பரவியதும் 1962ல் ஆர்.சி.ஏ. அவரது பழைய மோனோ ஆல்பங்களை மின்னணு முறையில் பிரித்து 'ஸ்டீரியோ' என்று விற்றது. ஒலி எதிரொலிப்பது போல இருக்கும். இன்றும் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பிரதிகளைத் தவிர்த்துவிட்டு மோனோவையே தேடுவார்கள்.

60கள் முழுக்க சினிமா. ஆண்டுக்கு மூன்று படம் என்ற வேகம், படத்துக்கொரு பாட்டுத் தட்டு. தரம் இறங்கியது. பார்க்கரின் பங்கோ 1967ல் 50 சதவீதம் வரை ஏறியது. 1968ல் நிறுவனங்கள் மோனோவைக் கைவிட்டன. அந்த ஆண்டு வந்த 'ஸ்பீட்வே' ஆல்பத்தின் மோனோ பிரதிகள் மிகக் குறைவாகவே அச்சாகின. படம் சுமார்தான். ஆனால் அந்த மோனோ தட்டு இன்று சேகரிப்பவர்களின் கனவு.

அதே காலத்தில் கார்களுக்காக 8 டிராக் கார்ட்ரிட்ஜும் வந்தது. நான்கு பகுதிகளாகப் பாடல்களைப் பிரிக்க வேண்டும் என்பதால் சில பாடல்கள் பாதியில் மங்கி நின்று, அடுத்த பகுதியில் தொடரும். ஆல்பத்தின் பாட்டு வரிசையும் மாறும்.

1973: குரலை விற்ற ஆண்டு

1968 டிசம்பர் தொலைக்காட்சி நிகழ்ச்சி எல்விஸுக்கு மறுபிறவி தந்தது. 1973 ஜனவரியில் ஹவாயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு கச்சேரி. அதன் இரட்டை ஆல்பம் நான்கு ஸ்பீக்கரில் ஒலிக்கும் குவாட்ராபோனிக் தட்டாக வந்து பட்டியலில் முதலிடம் பிடித்தது. நிகழ்ச்சி விளம்பரதாரரான டூனா மீன் நிறுவனத்துக்காக ஸ்டிக்கர் ஒட்டித் தந்த சில பிரதிகள் இன்று பெரும் அபூர்வம்.

வெளியே இவ்வளவு புகழ். உள்ளே பணத் தேவை. விவாகரத்து நடந்துகொண்டிருந்தது, செலவுக்கு அளவே இல்லை. அந்த மார்ச்சில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவரை பதிவான பாடல்கள் அனைத்துக்குமான ராயல்டி உரிமையை 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.விடம் கொடுத்தார் எல்விஸ். அதில் பாதி பார்க்கருக்கு. மீதியில் வரி. இனி அந்தப் பாடல்கள் எத்தனை கோடி தட்டு விற்றாலும் பாடகருக்கான ராயல்டி கிடையாது. அப்போது அவருக்கு வயது 38.

நீலமா, கறுப்பா?

1976ல் எல்விஸ் ஸ்டுடியோவுக்குப் போக விருப்பமில்லாமல் இருந்தார். ஒலிப்பதிவுக் கருவிகளை அவரது கிரேஸ்லேண்ட் வீட்டுக்கே கொண்டுவந்தது ஆர்.சி.ஏ. அங்கே பதிவான பாடல்கள் பெரும்பகுதியாக இடம்பெற்ற 'மூடி புளூ' 1977 ஜூலையில் வெளியானது. பெயருக்கு ஏற்ப முதல் அச்சு ஒளி ஊடுருவும் நீல வினைல். பிறகு வழக்கமான கறுப்புக்கு மாறினார்கள்.

ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் கிரேஸ்லேண்டில் இறந்துகிடந்தார். கடைகளில் அவரது தட்டுகள் காலியாகின. இண்டியானாபோலிஸில் இருந்த ஆர்.சி.ஏ. ஆலை இரவு பகலாக ஓடியது. 'மூடி புளூ' மறுபடி நீலத்தில் அச்சானது.

இங்கேதான் ட்விஸ்ட். நீலத் தட்டுதான் அபூர்வம் என்று நினைத்துப் பலர் பத்திரப்படுத்தினார்கள். உண்மையில் நீலம் ஏராளம். அந்தச் சில வாரங்களில் மட்டும் அச்சான சாதாரணக் கறுப்புத் தட்டுதான் அமெரிக்க அச்சுகளில் அரிது.

பணம் யாருக்கு?

எல்விஸ் இறந்தபோது மகள் லிசா மேரிக்கு 9 வயது. இறப்புக்குப் பிறகு விற்றுத் தீர்ந்தவற்றில் பெரும்பங்கு 1973க்கு முந்தைய பாடல்கள். அவற்றில் குடும்பத்துக்கு ராயல்டி வரவில்லை. பாடல் பதிப்புரிமைப் பங்கில் வந்தது தனி. மகளின் நலனைக் காக்க நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர், பார்க்கர் எடுத்த பங்கு அளவுக்கு மீறியது என்றும், 1973 ஒப்பந்தம் எல்விஸுக்குப் பாதகமானது என்றும் அறிக்கை தந்தார். வழக்கு 1983ல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் பராமரிப்புச் செலவைச் சமாளிக்க கிரேஸ்லேண்ட் வீட்டையே 1982 ஜூனில் கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். குடும்பத்தைக் காப்பாற்றியது பாட்டைவிட அதிகமாக அந்த வீடுதான்.

பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்குப் பங்கு கிடைக்காது என்பது எல்லாக் கலைஞர்களுக்கும் பொது. எல்விஸ் விஷயத்தில் 1973க்குப் பிறகு கடையில் விற்ற புதுத் தட்டுக்கும் அதே நிலை. சேகரிப்பவர்கள் தேடும் அவரது அச்சுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய பாடல்கள்தான். இன்று இசைக் கலைஞர்கள் தங்கள் மொத்தப் பாடல் உரிமையையும் பெருந்தொகைக்கு விற்பது செய்தியாகும்போதெல்லாம், அந்த 54 லட்சம் டாலர் கணக்கு நினைவுக்கு வருவது இதனால்தான்.