குரலைக் காத்த டாக்டர்

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. அது வீங்கினால் கழுத்தில் கழலை தொங்கும். சிலருக்கு மூச்சே அடைக்கும்.

150 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கழலையை அறுக்க டாக்டர்கள் நடுங்கினார்கள். ரத்தம் ஆறாகப் பெருகும். புண் சீழ் பிடிக்கும். சுரப்பிக்குப் பின்னால் நூல் போல ஓடும் குரல் நரம்பு அறுந்தால் குரல் கம்மிப் போகும். பிழைத்து எழுந்தவர்கள் பாக்கியசாலிகள்.

அந்தப் பயத்தைப் போக்கியவர் தியோடோர் கோச்சர்.

மலை நாட்டு வைத்தியர்

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் 1841-ல் பிறந்தார் கோச்சர். 1872-ல் அங்கேயே ரண சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். அது மலை நாடு. மண்ணில் அயோடின் சத்துக் குறைவு. அதனால் கழலை இல்லாத கிராமமே அரிது.

கோச்சர் அவசரப்பட மாட்டார். கருவிகளைச் சுத்தம் செய்வார். ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டுவார். குரல் நரம்பின் பக்கம் கத்தி போகாமல் பார்த்துக்கொள்வார். பலருக்கு மயக்க மருந்து கொடுக்காமல், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார். விழித்திருப்பவர் பேசினால், குரல் கெடுகிறதா என்பது உடனே தெரியும் அல்லவா?

சாவு குறைந்தது. புகழ் வளர்ந்தது.

ஒரு சிறுமி

1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை முழுவதும் எடுத்தார். புண் நன்றாக ஆறியது. ஆனால் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று சேதி வந்தது. துறுதுறுப்பு போயிற்று. முகம் வீங்கிற்று. வளர்ச்சி நின்றது. புத்தி மந்தமாயிற்று.

கோச்சர் திடுக்கிட்டார். சுரப்பியை முழுவதும் எடுத்த மற்றவர்களையும் தேடி அழைத்தார். 18 பேர் வந்தார்கள். இருவரைத் தவிர அத்தனை பேருக்கும் அதே கதி!

மூடி மறைத்திருக்கலாம். அவரோ 1883-ல் மருத்துவர் சபையில் எல்லாவற்றையும் வெளியிட்டார். சாதாரணக் கழலைக்குச் சுரப்பி முழுவதையும் இனி எடுப்பதில்லை என்று உறுதி கொண்டார். ஒரு பகுதியை விட்டு வைத்தார்.

தைராய்டு உயிருக்கு எவ்வளவு அவசியம் என்று உலகம் அதனால் அறிந்தது. 1891-ல் இங்கிலாந்து டாக்டர் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி, அந்தச் சுரப்பி வேலை செய்யாத ஒரு பெண்ணைக் குணப்படுத்தினார்.

நோபல் பரிசு

1909-ல் கோச்சருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரண சிகிச்சை டாக்டர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 1912-க்குள் சுமார் 5,000 தைராய்டு ஆபரேஷன் செய்திருந்தார். இறந்தவர்கள் 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. 1917-ல் அவர் காலமானார்.

இன்று குரல் நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்கிய பிறகே டாக்டர்கள் சுரப்பியை எடுக்கிறார்கள். நரம்பு நலமா என்று சொல்லக் கருவியும் உண்டு. முழுவதும் எடுக்க நேர்ந்தால், குறையை ஈடுகட்ட மாத்திரை இருக்கிறது. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் அந்த வைத்தியம் உண்டு.

தம் தவற்றைத் தாமே தேடிப் போய்க் கண்டுபிடித்த ஒரு மனிதரால் கிடைத்த நன்மை அது!