சித்திரக்காரர் ராமானுஜம்

கலசப்பாக்கத்தை அடுத்த பூண்டியில், ஜவ்வாது மலைப் பக்கத்தில், பெரியவர் ஒருவர் ஒரு திண்ணையிலேயே பல்லாண்டுகள் அமர்ந்திருந்து 1978-ஆம் ஆண்டில் ஸமாதியடைந்தார். அவர் பேசியது சொற்பம். ஆயினும் ஜனங்கள் அவரைப் பூண்டி மகான் என்று வணங்கினர், இன்றும் வணங்குகின்றனர். அதே காலத்தில் சென்னையிலும் பேச்சுக் குறைந்த ஒருவர் இருந்தார். உலகம் அவரைச் சித்தம் பேதலித்தவர் என்றே கண்டது. அவர்தாம் சித்திரக்காரர் கே. ராமானுஜம்.

1941-ல் பிறந்த அவருக்கு நா தடுமாறும், மனமும் நிலைகொள்ளாது. பள்ளிப் படிப்பு ஏறவில்லை. இத்தகைய பிள்ளையை நமது கல்விமுறை என்ன செய்யுமென்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. நல்லகாலமாக, சென்னை ஸர்க்கார் சித்திரக் கலாசாலையின் தலைவரான கே. ஸி. எஸ். பணிக்கர் அவரை ஆதரித்தார். பணிக்கர் பேச்சைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

அந்தக் கை மசியால் தீட்டியவை என்ன! மண்டபத்தின்மேல் மண்டபமாக எழும் மாய நகரங்கள், படமெடுத்த நாகங்கள், பறந்து திரியும் விசித்திரப் பிராணிகள், அழகிய ஸ்திரீகள். மயிரிழை போன்ற கோடுகள் பின்னிப் பின்னிக் காகிதம் முழுவதும் நிறைந்துவிடும். நடுவே தொப்பியணிந்த மனிதர் ஒருவர் உலாவுவார். அவர் ராமானுஜமேயன்றி வேறல்லர். தெருவில் ஒதுங்கி நடந்தவர் காகிதத்தில் ராஜ்யபாரம் வகித்தார்! மேனாட்டாரை நகலெடுப்பதே நாகரிகமென்று பலர் எண்ணிய நாளில், இவர் சித்திரங்களில் நம் பாட்டிமார் கதைகளின் வாசனை வீசியது. எமக்கு அதுவே அவற்றின் பேரழகாகத் தோன்றுகிறது.

1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவரும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவினர். ஸர்க்காரிடம் கையேந்தாமல், பாடிக் துணி முதலிய கைவேலைப் பொருள்களை விற்ற பணத்தால் அதை நடத்தினர். சுயராஜ்யம் என்பது இதுவன்றோ! ராமானுஜமும் அங்கே குடிபுகுந்தார். தொழிலுக்கு இடம் கிடைத்தது, நண்பர் கிடைத்தனர். உள்ளத்தின் நோய்க்கோ மருந்து கிடைக்கவில்லை. 1973-ல், முப்பத்திரண்டு வயதளவில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இன்று அவர் சித்திரங்களைச் செல்வர்கள் ஏலத்தில் லக்ஷக்கணக்கான ரூபாய்க்கு எடுக்கின்றனர். அது அவர்கள் பாடு. சென்னைச் சித்திரக்காரர்களின் படைப்புக்களுக்கென்று சோழமண்டலத்தில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. உபாத்தியாயர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லட்டும். பரீக்ஷையில் தவறியவர்களையும் விட்டுவிடாமல்.